பாப்பா ரெண்டு வழியில போட்டா ரெண்டு விடை வருதுங்க: 2க − 3ச > 6

வேலந்தாவளம் குட்டியானை | ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் காய்கறி வண்டி ஓட்டறவன். வேலந்தாவளம் மார்க்கெட்ல ஏத்திட்டு பாலக்காடு பக்கம் போடறது. கணக்கு எனக்கு எட்டாவதோட சரி. பாப்பா பத்து வரைக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் படிச்சா, இந்த வருசம் பிளஸ் ஒன். இப்ப எல்லாமே இங்கிலீஷ்ல வருது, புள்ள திணறுது.

போன்ல தமிழ் கீபோர்டு மட்டுந்தான் இருக்குது. அதனால எக்ஸுக்கு க, ஒய்க்கு ச போட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி இதானுங்க, இன்ஈக்வாலிட்டின்னு பாடம். 2க − 3ச > 6. கீழ இருக்கற புள்ளியில (மொத எண் க, ரெண்டாவது ச) எதெல்லாம் இதுக்குப் பொருந்தும்?
(0, 0), (3, 0), (6, 1), (4, −1), (−1, −3)

பாப்பா நேரா எண்ணைப் போட்டுப் பாத்ததுல (3, 0), (6, 1), (−1, −3) மூணும் சரின்னு வந்துது. அப்புறம் 2க − 3ச = 6ன்னு கோடு வரைஞ்சு பாத்தா (0, 0) மட்டுந்தான் உள்ள வருது, மத்ததெல்லாம் வெளிய. ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். ட்யூஷன்ல கேட்டதுக்கு "எப்பவும் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் இருக்கற பக்கத்தை நிழலடிச்சுடு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். எது சரிங்க?

கம்பமெட்டு ஏலக்காய் | ஞாயிறு, இரவு 9.15

அண்ணே, ரெண்டுமே தப்பு. ஆனா முதல் வழி பக்கத்துல வந்துருக்கு.

(3, 0): 6 − 0 = 6. ஆறு ஆறைவிடப் பெருசா? இல்ல. குறிக்கு அடியில கோடு இருந்தாத்தான் சமமும் சேரும், இங்க இல்ல. அதனால வெளிய.
(4, −1): 8 − 3 × (−1). இங்கதான் பாப்பா 8 − 3 = 5னு போட்டுருக்கும். கழித்தல்ல கழித்தல் கூட்டல்ணே, 8 + 3 = 11. பொருந்தும்.
(6, 1): 12 − 3 = 9, பொருந்தும்.
(−1, −3): −2 + 9 = 7, பொருந்தும்.
(0, 0): 0 > 6? கிடையாது.

ஆக (6, 1), (4, −1), (−1, −3) மூணுதான் விடை. கோடும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

வேலந்தாவளம் குட்டியானை | ஞாயிறு, இரவு 9.22

ஆமாங்க, 5ன்னுதான் நோட்டுல எழுதியிருக்கறா! ரொம்ப நன்றிங்க. ஆனா படம் எதுக்கு அப்பிடித் தலைகீழா வந்துது?

களியக்காவிளை | ஞாயிறு, இரவு 9.41

நான் சொல்லுகேன். பிள்ளை ச-வைத் தனியாக் கொண்டுவந்திருக்கும். −3ச > 6 − 2க. பிறகு ரெண்டு பக்கமும் −3-ஆல வகுத்திருக்கும். அப்பம் குறி திரும்பணும், அது திருப்பல்ல. ச > (2க − 6)/3ன்னு எழுதி, கோட்டுக்கு மேல நிழலடிச்சாச்சு. சரியானது ச < (2க − 6)/3, கோட்டுக்குக் கீழ.

குறி ஏன் திரும்புதுன்னு எங்க வாத்தியார் சொல்லித் தரல்ல, மனப்பாடந்தான். பின்னத்தான் புரிஞ்சுது. 2 ரூவா கையில இருக்கவனைவிட 5 ரூவா உள்ளவன் பெரியவன். அதே 2 ரூவா, 5 ரூவாயைக் கடனாக்கிப் பாருங்க. இப்பம் 5 ரூவா கடன்காரன்தான் கீழ. −2 > −5. எண் கோட்டை அப்பிடியே கண்ணாடியில பாக்குத மாதிரி, இடம் வலம் மாறும்.

கம்பமெட்டுக்காரர் கோடு வேண்டாம்னு சொல்லுதது மட்டும் எனக்கு ஒப்பல்ல. அஞ்சு புள்ளியைக் கேட்டா போட்டுப் பாக்கலாம். "தீர்வுப் பகுதியைக் காட்டு"ன்னு கேட்டா என்ன செய்வியரு? கோடி புள்ளியைப் போட்டுப் பாப்பியரா?

கம்பமெட்டு ஏலக்காய் | ஞாயிறு, இரவு 10.05

படம் வேணாம்னு சொல்லல, படத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீங்கன்றேன். இதே கணக்குல (−1, −3) எடுத்துக்கோங்க. க = −1ல கோடு இருக்கது −2.67 கிட்ட. புள்ளி −3ல. நடுவுல மூணுல ஒரு பங்கு. கட்டம் போட்ட நோட்டுல, தேஞ்ச பென்சில்ல, கோணலா ஸ்கேல வச்சு வரைஞ்சா அந்தப் புள்ளி கோட்டு மேலயே உக்காந்துரும். மேல கீழன்னு எப்படிச் சொல்லுவீங்க? எண்ணைப் போட்டா 7 > 6, ஒரு வரியில முடிஞ்சுது.

களியக்காவிளை | ஞாயிறு, இரவு 10.11

பென்சிலைச் சீவும் ஓய்.

நகரி ஓய்வு ஆசிரியர் | திங்கள், காலை 6.10

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு இங்கே உறுத்துவது வேறொன்று. "எப்பவும் (0, 0) இருக்கும் பக்கத்தை நிழலிடு" என்பதைக் கேட்டு இராத்திரி தூக்கம் வரவில்லை. ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)-ஐ, போட்டுப் பார் என்பதுதான் பாடம். பார்த்து, பொருந்தினால் அந்தப் பக்கம். பொருந்தாவிட்டால் மறு பக்கம். பாதி வாக்கியம் வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்துபோயிருக்கிறது. இந்தக் கணக்கில் 0 > 6 பொய். ஆகவே ஆதிப்புள்ளி இல்லாத பக்கமே தீர்வு. குறியைத் திருப்ப மறந்ததால் வந்த தவறும், இந்த அரை வாக்கியத்தால் வந்த தவறும் ஒரே பக்கத்தைக் காட்டியதால்தான் குழந்தை தன் படம் சரியென்று நம்பியிருக்கிறாள். இரண்டு பொய்ச்சாட்சிகள் ஒத்துப்போனால் யாருக்கும் சந்தேகம் வராது.

களியக்காவிளை நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கோடி புள்ளியைப் போட்டுப் பார்க்க வேண்டாம், ஒரே ஒரு புள்ளி போதும். ஏன் போதும் என்பதை முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தேன். கேட்ட பிள்ளைகள் குறைவு.

2க − 3ச − 6 என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். (0, 0)-இல் அதன் மதிப்பு −6. (6, 1)-இல் +3. இப்போது முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதற்கு நேர்கோட்டில் நடந்து போங்கள். வர்க்கம் எதுவும் இல்லாத ஒருபடிக் கோவை என்பதால் ஒவ்வோர் அடிக்கும் மதிப்பு ஒரே அளவில் ஏறும், குதிக்காது. மொத்தம் 9 ஏற வேண்டும். 6 ஏறியதும் பூஜ்ஜியம். அதாவது மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், (4, 2/3) என்ற இடத்தில். போட்டுப் பாருங்கள்: 8 − 2 − 6 = 0. அந்த இடம் கோட்டின் மேல் இருக்கிறது. எதிர்மத்திலிருந்து நேர்மத்துக்குப் போக வேறு வழியே கிடையாது, பூஜ்ஜியத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பூஜ்ஜியமோ கோட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கோட்டைத் தாண்டாத வரை குறி மாறாது. ஒரு பக்கத்தில் ஒருவர் வெளியே என்றால் அந்தப் பக்கத்து ஊரே வெளியே.

வேலந்தாவளத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டாமல் போனாலும் எல்லையை எங்கேயோ தாண்டித்தான் ஆக வேண்டும். ஒரு வித்தியாசம்: மாநில எல்லை வளைந்து நெளிந்து கிடக்கிறது, நேராகப் போகிற ஒருவர் அதை மூன்று முறைகூடத் தாண்டலாம். நம் கோடு அப்படி விளையாடாது. நேர்வழியில் போனால் ஒரு முறை தாண்டுவீர்கள், அல்லது தாண்டவே மாட்டீர்கள்.

வேலந்தாவளம் குட்டியானை | திங்கள், பகல் 1.30

சார், சாப்பாட்டு நேரத்துல வண்டிய ஓரங்கட்டிட்டுப் படிச்சேனுங்க. வாளையார்னதும் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னால அங்க லாரி நிக்கற வரிசை இருக்குதுங்களே, காய் வாடிப் போயிரும். பூஜ்ஜியத்தைத் தாண்டறதுன்னா என்னன்னு எனக்கு நல்லாவே தெரியுமுங்க.

இதைப் படிச்சப்பறம் ஒண்ணு தோணுது. நான் தினமும் பண்றதும் இதேதானுங்களே? வண்டி 750 கிலோ தாங்கும். தக்காளிப் பெட்டி 15 கிலோன்னு வெச்சுக்கங்க, வெங்காய மூட்டை 50 கிலோ. கடைக்காரர் போன்ல "20 பெட்டி, 9 மூட்டை"ம்பார். நான் மனசுக்குள்ள போட்டுப் பாத்து ஆகும், ஆகாதும்பேன். அதும் ஒரு புள்ளிதானே?

நகரி ஓய்வு ஆசிரியர் | திங்கள், பகல் 2.05

அதேதான் ஐயா. த பெட்டி, வெ மூட்டை என்றால் 15த + 50வெ ≤ 750. ஐந்தால் வகுத்துவிடுங்கள், ஐந்து நேர்ம எண், குறி திரும்பாது: 3த + 10வெ ≤ 150.

(20, 9): 60 + 90 = 150. சரியாகக் கோட்டின் மேல். குறிக்கு அடியில் கோடு இருப்பதால் ஏற்றலாம். (30, 5): 90 + 50 = 140, தாராளம். (25, 8): 75 + 80 = 155, ஆகாது. ஆதிப்புள்ளி என்பது உங்கள் காலி வண்டி. காலி வண்டி பாரத்தை மீறாது என்பதால்தான் இந்த மாதிரிக் கணக்குகளில் (0, 0) எப்போதும் உள்ளே வருகிறது. அந்தப் பழக்கத்தில்தான் "எப்பவும்" என்ற சொல் ட்யூஷனில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

புனலூர் ரப்பர் | திங்கள், மாலை 5.48

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். இந்த இன்ஈக்வாலிட்டிக்குத் தமிழ்ல என்ன பேருங்கறதுலயே எங்க வீட்டுல சண்டை. தமிழ்நாட்டுப் புத்தகத்துல அசமன்பாடு. எங்க தாத்தா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோன்ல இருந்து கப்பலேறி இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரப் பிள்ளைங்க புத்தகத்துல சமனிலி. இங்க பள்ளிக்கூடத்துல மலையாளத்துல அசமத. எனக்குச் சமனிலிதான் பிடிச்சிருக்கு. அசமன்பாடுன்னா ஏதோ சமன்பாட்டுல தப்பு நடந்துபோன மாதிரி இருக்கு.

இன்னொண்ணு, < > குறி ரெண்டும் அச்சுல வந்தது 1631-ல தாமஸ் ஹாரியட்டோட நூல்ல. மனுசன் 1621-லயே போய்ச் சேர்ந்துட்டார். அடியில கோடு சேர்க்கறதுக்கு இன்னும் நூறு வருசம் ஆச்சு, 1734-ல பியர் பூகேர்ங்கற பிரெஞ்சுக்காரர். "ஏத்தலாமா கூடாதா"ங்கற (20, 9) மாதிரிப் புள்ளிக்கு அந்தக் கோடுதான் வேணும்.

நகரி ஓய்வு ஆசிரியர் | திங்கள், மாலை 6.20

தெலுங்கில் அசமீகரணம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் கலந்திருந்ததால் நான் "திறந்த வாய் பெரிய எண்ணைப் பார்க்கும்" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

வேலந்தாவளம் குட்டியானை | திங்கள், இரவு 7.35

அப்பா போன்ல இருந்து நான் எழுதறேன். நோட்டுல எல்லாம் திருத்திட்டேன், நன்றி சார், நன்றி அண்ணா.

அப்பாவோட லோடை வெச்சு நானே ஒரு கணக்கு எழுதினேன். கடைக்காரர் எப்பவும் தக்காளிப் பெட்டி, வெங்காய மூட்டையைவிட ரெண்டு மடங்காவது இருக்கணும்னு சொல்லுவார். அதை 2த ≥ வெ ன்னு எழுதிட்டேன். (10, 5) போட்டுப் பாத்தேன், 20 ≥ 5, சரி. (30, 5) போட்டேன், 60 ≥ 5, சரி. ரெண்டு புள்ளி சரியா வந்தா அசமன்பாடு சரின்னு எடுத்துக்கலாமா?

களியக்காவிளை | திங்கள், இரவு 7.58

மக்களே, கூடாது! ரெண்டும் ஏத்த வேண்டிய லோடு. ஏத்தக்கூடாத லோடு ஒண்ணையும் போட்டுப் பாத்தியா? 5 பெட்டி, 10 மூட்டை. கடைக்காரர் கொண்டுபோனா வாங்குவாரா? வெங்காயந்தான் ரெண்டு மடங்கு இருக்கு, ஏசி அனுப்பீருவாரு. ஆனா உன் 2த ≥ வெ என்ன சொல்லுது? 10 ≥ 10, சரியாம். வாசல்ல நிக்கவன் வேண்டாதவனையும் உள்ள விடுகான்னா வாசல் தப்பு.

த ≥ 2வெ ன்னு மாத்து. (5, 10): 5 ≥ 20, இல்ல. (10, 5): 10 ≥ 10, சரி, சரியா ரெண்டு மடங்கு. (30, 5): 30 ≥ 10, சரி.

வார்த்தையில இருந்து குறிக்கு மாத்தும்போ எல்லாருக்கும் வரக்கூடிய தப்புதான் இது. "தக்காளி ரெண்டு மடங்கு"ன்னு காதுல விழுகு, கை தானா 2-ஐத் தக்காளிக்குப் பக்கத்துல எழுதுகு. அந்த 2 சிறுசா இருக்கதோட சேரணும். எழுதி முடிச்சதும் உள்ள வரவேண்டிய புள்ளி ஒண்ணு, வரக்கூடாத புள்ளி ஒண்ணு, ரெண்டையும் அனுப்பிப் பாரு. நல்லவனை மட்டும் அனுப்பினா எந்த வாசலும் சரியாத்தான் தோணும்.

கம்பமெட்டு ஏலக்காய் | திங்கள், இரவு 8.10

அண்ணே, படம் வரையாமயே பிரமாதமாச் சொல்லிட்டீங்களே!

களியக்காவிளை | திங்கள், இரவு 8.12

சும்மா கெடையும்.

வேலந்தாவளம் குட்டியானை | திங்கள், இரவு 8.30

புரிஞ்சுது அண்ணா. த − 2வெ ≥ 0ன்னு மாத்தி வரைஞ்சா கோடு (0, 0) வழியாவே போகுது. ஆதிப்புள்ளியைப் போட்டா 0 ≥ 0. சரின்னு வருது, ஆனா எந்தப் பக்கம்னு தெரியல.

நகரி ஓய்வு ஆசிரியர் | திங்கள், இரவு 8.44

அருமையான கேள்வி அம்மா. கோட்டின் மேலேயே நிற்பவரிடம் எந்தப் பக்கம் என்று கேட்டு என்ன பயன்? வேறொருவரைக் கேள். (1, 0): 1 − 0 ≥ 0, சரி. ஒரு பெட்டி தக்காளி மட்டும் ஏற்றிய வண்டி இருக்கும் பக்கம்தான் தீர்வு. ஆதிப்புள்ளியைத் தேர்ந்தெடுப்பது கணக்குச் சுலபம் என்பதால் மட்டுமே, அதற்கு வேறு மகிமை எதுவும் கிடையாது.

இப்போது இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு புள்ளி இரண்டிலும் தேற வேண்டும். (16, 9) எடுத்துப் பார்: 48 + 90 = 138, பாரம் சரி. 16 − 18 = −2, விகிதம் தேறவில்லை. ஆகவே வெளியே. ஒன்றில் தோற்றாலும் தோல்விதான், மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

கம்பமெட்டு ஏலக்காய் | திங்கள், இரவு 9.02

பாப்பா, இன்னொரு வேடிக்கை பாரு. பாரக் கணக்கை மட்டும் எடுத்துக்க. வெறும் தக்காளி ஏத்துனா 50 பெட்டி, வெறும் வெங்காயம் 15 மூட்டை. (50, 0), (0, 15) ரெண்டும் கோட்டு மேல. ரெண்டுக்கும் நட்ட நடுவுல (25, 7.5). போட்டுப் பாரு, 75 + 75 = 150. பொருந்துது. நேரிய அசமன்பாட்டுல ரெண்டு புள்ளி உள்ள இருந்தா, அதுகளைச் சேர்க்குற கோட்டுத்துண்டுல இருக்க அம்புட்டுப் புள்ளியும் உள்ளதான் இருக்கும்.

ஆனா ஏழரை மூட்டையை உங்கப்பா எப்படி ஏத்துவாரு?

வேலந்தாவளம் குட்டியானை | திங்கள், இரவு 9.10

ஏழரை ஏற்கனவே எங்களுக்கு நடந்துட்டிருக்குதுங்க. (இது அப்பா.)

நகரி ஓய்வு ஆசிரியர் | திங்கள், இரவு 9.25

சிரித்துவிட்டேன். ஆனால் அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, குழந்தை கவனிக்கட்டும். (25, 7.5) அசமன்பாட்டைப் பூர்த்தி செய்கிறது, லோடாக ஏற்ற முடியாது. முழு எண் என்பதும், எதிர்ம எண் கூடாது என்பதும் தனி நிபந்தனைகள். எழுதினால்தான் கணக்குக்குத் தெரியும். நோட்டில் இருந்த (−1, −3) முதல் கணக்குக்குச் சரியான விடை. அதையே பெட்டி, மூட்டை என்று நினைத்தால் அர்த்தமில்லை. நிழலிட்ட பகுதி முழுவதும் தீர்வா, அதற்குள் இருக்கும் முழு எண் புள்ளிகள் மட்டும் தீர்வா என்று கேள்வியைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படி நூற்றுக்கணக்கான நிபந்தனைகள் சேர்ந்தால் எந்த லோடு அதிக லாபம் என்று கண்டுபிடிப்பது தனிச் சாஸ்திரம். அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947-இல் ஒரு வழிமுறை கொடுத்தார்; 1984-இல் நம் நாட்டில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் இன்னொரு வழிமுறை கொடுத்தார். அதன் சின்ன வடிவம் பிளஸ் டூவில் வரும்.

வேலந்தாவளம் குட்டியானை | செவ்வாய், காலை 4.40

சார், மார்க்கெட்ல நிக்கறேனுங்க. இன்னிக்கு ஆர்டர் 26 பெட்டி, 7 மூட்டை. பாப்பா தூங்கறா. நானே போட்டுப் பாத்தேன். 78 + 70 = 148. 26 − 14 = 12. ரெண்டுலயும் தேறுது. சரிங்களா?

கம்பமெட்டு ஏலக்காய் | செவ்வாய், காலை 4.52

சரிதாண்ணே. 150க்கு 2 பாக்கி, அஞ்சால பெருக்குங்க, இன்னும் 10 கிலோ ஏத்தலாம். ஒரு பெட்டிக்குப் பத்தாது.

வேலந்தாவளம் குட்டியானை | செவ்வாய், காலை 4.55

கறிவேப்பிலை போட்டுக்கறேனுங்க.